பல், ஈறு நலம் காக்கும் அன்றாடப் பழக்கங்கள்

பற்கள் சொத்தையின்றியும், அவற்றைத் தாங்கும் ஈறும் எலும்பும் நோயின்றியும் இருக்கும் நிலையே பல் நலம் எனப்படுகிறது. மனிதர்கள் பல்லை இழப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு நோய்களே காரணம். ஒன்று பற்சொத்தை, மற்றொன்று ஈறு நோய். இரண்டுக்கும் வித்தாக இருப்பது பல்லின் மேல் நாள்தோறும் படியும் ஒரு மெல்லிய நுண்ணுயிர்ப் படலம். இரண்டுமே தொடக்கத்தில் வலி தருவதில்லை. வலி தோன்றும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். எனவே "வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர் காலம் கடந்தே விழித்துக்கொள்கிறார். வலி இல்லாத நாட்களில் நாம் செய்யும் சிறு செயல்கள்தாம் பல்லைக் காக்கின்றன. அவை எவை, ஏன் பயன் தருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பல்லின் அமைப்பு

குழந்தைக்கு முளைக்கும் பாற்பற்கள் 20. அவை விழுந்து, பின்னர் வரும் நிலைப்பற்கள், ஞானப்பற்கள் நான்கையும் சேர்த்து 32. வாயில் நமக்குத் தெரியும் பகுதியின் மேல் எனாமல் என்ற உறை இருக்கிறது. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். இதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். எனாமலுக்கு அடியில் சற்று மென்மையான டென்டின் என்ற பகுதியும், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழும் உள்ளன. பல்லின் வேர் தாடை எலும்புக்குள் புதைந்திருக்கிறது. மெல்லிய நார்கள் வேரை எலும்போடு பிணைக்கின்றன. இந்தப் பிணைப்பை மேலிருந்து மூடிக் காப்பது ஈறு.

இங்கே நினைவில் வைக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமலை உருவாக்கிய செல்களோ பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே குழி விழுந்த எனாமல் மீண்டும் வளராது. மருத்துவர் அதை வேறு பொருளால் அடைக்கலாம், அவ்வளவே.

பற்படலம்

நன்றாகத் துலக்கிய பல்லின் மேலும் சில மணி நேரத்துக்குள் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் படிகின்றன. அதன் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டிப் பெருகுகின்றன. காலையில் எழுந்தவுடன் நாக்கால் பல்லைத் தடவினால் வழவழப்பாக ஒரு பூச்சு தெரிகிறதே, அதுதான் பற்படலம். வாய் கொப்பளிப்பதால் மட்டும் இது போகாது. தேய்த்தே அகற்ற வேண்டும். அகற்றாமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள கால்சியம் அதில் சேர்ந்து, கல் போல் இறுகிய பற்காரையாக மாறுகிறது. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மஞ்சளாகப் படிந்திருப்பது பெரும்பாலும் இதுவே. பற்காரையை வீட்டில் தேய்த்து எடுக்க முடியாது. பல் மருத்துவரே கருவி கொண்டு நீக்க வேண்டும்.

சொத்தை எப்படி உண்டாகிறது?

சொத்தைப் பல்லை நாம் பூச்சிப்பல் என்று சொல்வது வழக்கம். உண்மையில் பல்லைக் குடையும் பூச்சி எதுவும் இல்லை. பற்படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் உண்ணும் சர்க்கரையை உண்டு, அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது. இவற்றுள் முதன்மையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவை 1924ஆம் ஆண்டில் கிளார்க் என்பவர் முதன்முதலில் விவரித்தார்.

அமிலத்தின் வேலையை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு முட்டை ஓட்டைக் காடி நீரில் ஓரிரு நாள் போட்டுவைத்தால் ஓடு கரைந்து மெல்லிய சவ்வு மட்டும் எஞ்சும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். பல் கால்சியம் பாஸ்பேட். எனவே பல் அத்தனை விரைவாகக் கரைவதில்லை. ஆனால் கரையும் விதம் ஒன்றுதான்.

சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் பற்படலத்தின் அமிலத்தன்மை ஏறுகிறது. அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாதுக்கள் வெளியேறத் தொடங்குகின்றன. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைச் சமன் செய்து, இழந்த தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஏற்ற இறக்கத்தை 1940களில் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்து வரைபடமாகக் காட்டினார். அது இன்றும் ஸ்டீபன் வளைகோடு என்றே அழைக்கப்படுகிறது.

இதிலிருந்து ஓர் எளிய கணக்குப் போடலாம். ஒருவர் மூன்று வேளை உணவோடு மட்டும் இனிப்பு சேர்த்துக்கொள்கிறார். வேளைக்கு அரை மணி என்று வைத்தால் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் அவர் பல் அமிலத்தில் இருக்கிறது. மற்றொருவர் அதே அளவு இனிப்பை நான்கு தேநீர், இரண்டு மிட்டாய், இரண்டு பிஸ்கட் என எட்டு முறையாகப் பிரித்து உண்கிறார். அவர் பல் நான்கு மணி நேரம் அமிலத்தில் இருக்கிறது. இருவரும் உண்ட சர்க்கரை ஒன்றுதான், சேதம் ஒன்றல்ல. எவ்வளவு உண்கிறோம் என்பதோடு எத்தனை முறை உண்கிறோம் என்பதும் பல்லுக்கு மிக முக்கியம்.

சுவீடன் நாட்டில் விப்பெஹோம் என்ற மனநலக் காப்பகத்தில் 1940களின் நடுவில் தொடங்கி நடந்த ஆய்வும் இதையே காட்டியது. உணவோடு சர்க்கரை பெற்றவர்களுக்குச் சொத்தை சிறிதே கூடியது. உணவுக்கு இடையில் பல்லில் ஒட்டும் டாஃபி மிட்டாய் பெற்றவர்களுக்கு வெகுவாகக் கூடியது. தங்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்று அறிய முடியாதவர்களை வைத்து, அவர்களின் பல்லைக் கெடுத்து நடத்திய ஆய்வு என்பதால் இது அறமற்றது என்று பின்னாளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. இன்று நாம் எளிதாகச் சொல்லும் அறிவுரைக்குப் பின்னால் அவர்கள் இழந்த பற்கள் இருக்கின்றன.

சொத்தையின் முதல் அடையாளம் கருப்புக் குழி அன்று. பல்லில் சுண்ணாம்பு போல் தோன்றும் வெண்புள்ளி. இந்நிலையில் தேய்ப்பும் புளோரைடும் உணவுக் கட்டுப்பாடும் அதை நிறுத்திவிடக்கூடும். டென்டினை எட்டினால் குளிர்ச்சியும் இனிப்பும் கூசும். பற்கூழை எட்டினால் இரவு தூங்கவிடாத வலி வரும். அப்போது வேர் சிகிச்சை அல்லது பல்லை எடுத்தல்தான் வழி.

ஈறு நோய்

நலமான ஈறு இறுக்கமாகப் பல்லைத் தழுவியிருக்கும். துலக்கும்போது இரத்தம் வராது. ஈறின் ஓரத்தில் படலம் தங்கினால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும். இது ஈறு அழற்சி. டென்மார்க் நாட்டின் ஆர்கூஸ் நகரில் ஹரால்டு லோ என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1965இல் வெளியிட்ட ஆய்வு இதை ஐயமின்றிக் காட்டியது. நலமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

இதன் பாடம் நம்மில் பலர் செய்வதற்கு நேர் எதிரானது. துலக்கும்போது இரத்தம் கண்டால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். தொடாமல் விட்டால் படலம் இன்னும் சேர்ந்து இரத்தக் கசிவு கூடும். மென்மையான பிரஷால் அந்த இடத்தை இன்னும் கவனமாகத் துலக்கினால் ஓரிரு வாரத்தில் கசிவு குறையும். குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அழற்சியைக் கவனிக்காமல் விட்டால் பலருக்கு அது ஈறுக்கு அடியிலுள்ள நார்களையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் பை போன்ற இடைவெளி உண்டாகிறது. இழந்த எலும்பு பொதுவாகத் தானே திரும்ப வளர்வதில்லை. பல் நீண்டது போலத் தெரிவதும், பற்கள் விலகி இடைவெளி விழுவதும், ஆடுவதும் இதன் அறிகுறிகள்.

இந்நோயின் போக்கை அறிய லோவும் குழுவினரும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை அவ்வப்போது பரிசோதித்தனர். மலையகத் தமிழர் தலைமுறைகளாக உழைத்துவரும் தோட்ட உலகம் அது. பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ அந்தத் தொழிலாளர்களை எட்டியிருக்கவில்லை. பல் துலக்கும் பழக்கமும் அவர்களிடம் இல்லை. வியப்பான செய்தி, அவர்களுக்குப் பற்சொத்தை ஏறக்குறைய இல்லை. ஆனாலும் பற்கள் விழுந்தன. சுமார் 8 விழுக்காட்டினருக்கு ஈறு நோய் மிக விரைவாக முற்றியது. இவர்கள் 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தனர். சுமார் 81 விழுக்காட்டினருக்கு மெதுவாக முற்றியது. 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு மட்டும் நோய் ஈறு அழற்சிக்கு மேல் போகவில்லை. இதே காலத்தில், பல் பராமரிப்பும் மருத்துவமும் கிடைத்த ஓஸ்லோ நகர மாணவர்களும் கல்வியாளர்களும் நாற்பது வயதுக்குள் இழந்த பற்கள் மிகச் சில.

"எனக்குச் சொத்தையே இல்லை, பிறகு எதற்குக் கவலை?" என்போருக்கு அத்தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையே பதில். சொத்தை இல்லாத பல்லும் ஈறு கெட்டால் நிற்காது.

பல் துலக்கும் முறை

நாளுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். நம் வீடுகளில் காலையில் துலக்காமல் காப்பி குடிப்பவர் குறைவு. இரவில் துலக்கிவிட்டுப் படுப்பவரும் குறைவு. உண்மையில் இரவுத் துலக்கலே மிக இன்றியமையாதது. தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். பல்லைக் கழுவிக் காக்கும் அந்த நீர் இல்லாத ஆறேழு மணி நேரம் பாக்டீரியாக்களுக்கு வாய்ப்பான நேரம். இரவு துலக்கிய பின் தண்ணீர் தவிர வேறெதுவும் அருந்தக் கூடாது.

முறை பின்வருமாறு:

1. தலைப்பகுதி சிறியதாகவும் மென்மையான இழைகள் உடையதாகவும் உள்ள பிரஷைத் தேர்ந்தெடுக்கவும்.
2. இழைகளைப் பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில், ஈறை நோக்கி 45 பாகை சாய்வாக வைக்கவும்.
3. இரண்டு மூன்று பற்களாக எடுத்துக்கொண்டு, அழுத்தாமல், சிறு அசைவுகளாகத் தேய்க்கவும்.
4. வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் முடிக்கவும். பலர் விட்டுவிடுவது கடைவாய்ப் பற்களின் உட்புறத்தை.
5. நுரையைத் துப்பவும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட்டால் புளோரைடு பல்லில் தங்கி வேலை செய்யும்.
6. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது இழைகள் விரிந்தவுடன் பிரஷை மாற்றவும்.

அழுத்தித் தேய்த்தால் பல் வெளுக்கும் என்பது தவறு. ரம்பம் அறுப்பது போலக் குறுக்கே இழுத்து அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கி, பல்லின் கழுத்துப் பகுதி தேய்ந்து கூச்சம் உண்டாகும். எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் போன்ற புளிப்பானவற்றைக் குடித்தவுடன் துலக்குவதும் கூடாது. அரை மணி நேரம் பொறுத்துத் துலக்க வேண்டும்.

பற்பசையும் புளோரைடும்

பற்பசையில் சொத்தையைத் தடுக்கும் பொருள் புளோரைடு. அது இழந்த தாதுக்கள் பல்லில் மீண்டும் சேர உதவுகிறது. அப்படிச் சேர்ந்த பகுதி அமிலத்தை முன்பைவிட நன்றாகத் தாங்குகிறது. இந்தியாவில் பற்பசையின் புளோரைடு அளவு பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அளவு குழாயின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பசையும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரங்களில் காட்டுவதுபோல் பிரஷ் முழுவதும் பிதுக்கத் தேவையில்லை.

புளோரைடு அளவு மிஞ்சினால் தீங்கு என்பதும் உண்மை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல் உருவாகும் சிறு வயதில் அந்நீரைத் தொடர்ந்து குடித்தவர்களின் பற்களில் வெண்கோடுகளும் பழுப்புக் கறைகளும் நிலையாகப் படிந்துவிடுகின்றன. மிகுந்தால் எலும்பும் பாதிக்கப்படுகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பான் நாட்டு நிதியுதவியுடன் அமைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. இத்தகைய கறை துலக்குவதால் போகாது. துலக்காததால் வந்ததும் அன்று. அந்தக் கறையுள்ள பிள்ளைகளைப் பல் துலக்காதவர் என்று கேலி செய்வது அநியாயம்.

குச்சியும் பொடியும்

ஆலும் வேலும் பல்லுக்கு நல்லவை என்கிறது நம் பழமொழி. இங்கே வேல் என்பது வேம்பு அன்று, வேலமரம். இரண்டும் துவர்ப்புச் சுவை உடையவை. குச்சியின் நுனியை மென்று நாராக்கித் தேய்க்கும்போது பற்படலம் அகல்கிறது. முறையாகப் பயன்படுத்தினால் குச்சி பயனுடையதே. ஆனால் கடைவாயின் உட்புறத்தைக் குச்சியால் எட்டுவது கடினம். அதில் புளோரைடும் இல்லை.

செங்கல் தூள், சாம்பல், கரி, மணல், பொடியாக்காத உப்பு ஆகியவை சொரசொரப்பானவை. இவை அழுக்கோடு எனாமலையும் தேய்த்துவிடும். தேய்த்ததும் பல் பளிச்சென்று தெரிவதால் பலர் ஏமாறுகிறார்கள். பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது. புகையிலைப் பொடியால் பல் தேய்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது பல் துலக்கல் அன்று, புகையிலைப் பழக்கமே.

பல்லிடுக்கும் நாக்கும்

பிரஷின் இழை இரு பற்கள் நெருங்கும் இடுக்கில் முழுமையாக நுழைவதில்லை. சொத்தையும் ஈறு நோயும் அங்கேதான் எளிதில் தொடங்குகின்றன. ஃப்ளாஸ் எனப்படும் பல்லிடை நூலை நாளுக்கு ஒருமுறை இடுக்கில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லின் பக்கத்தையும் தழுவியபடி மேலும் கீழும் இழுக்க வேண்டும். இடைவெளி பெரிதாக உள்ளவர்களுக்குச் சிறு இடுக்கு பிரஷ் ஏற்றது. ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி கொண்டு குத்துவது ஈறைப் புண்ணாக்கும். ஒரே இடத்தில் அடிக்கடி உணவு சிக்கினால் அங்கே சொத்தை இருக்கலாம் என்று கொள்ள வேண்டும். நாக்கை நாளுக்கு ஒருமுறை மென்மையாக வழிப்பது வாய் நாற்றத்தைக் குறைக்கும்.

உணவுப் பழக்கம்

இனிப்பை முற்றிலும் விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். உணவோடு சேர்த்து உண்டு, இடைவேளைகளில் தவிர்ப்பது நடக்கக்கூடியது. தேநீரில் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் போன்றவை சத்துள்ளவையே. ஆனால் பல்லில் ஒட்டுபவை. உண்டவுடன் வாயை நன்கு கொப்பளிக்க வேண்டும். வெல்லமும் தேனும் பல்லுக்குச் சர்க்கரையே. குளிர்பானத்தை அரை மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருப்பது ஒரே மூச்சில் குடிப்பதைவிடத் தீங்கு. இடைவேளைப் பசிக்கு வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, வெள்ளரி, மோர் ஆகியவை நல்லவை.

வெற்றிலை, பாக்கு, புகையிலை

உணவுக்குப் பின் வெற்றிலை போடுவது நம் விருந்தோம்பலின் ஒரு பகுதி. ஆயினும் பாக்கு, புகையிலை சேராவிட்டாலும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை வகைப்படுத்தியுள்ளது. தொடர்ந்து பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போவதும் உண்டு. புகை பிடிப்போருக்கு ஈறின் இரத்தக் கசிவு குறைவாகத் தெரியும். நோய் இல்லை என்பது அதன் பொருளன்று, அறிகுறி மறைக்கப்படுகிறது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தனிக் கவனம் தேவைப்படுவோர்

குழந்தைகள்: முதல் பல் முளைத்ததுமே துலக்கத் தொடங்க வேண்டும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் மேல் முன்பற்கள் வரிசையாகச் சொத்தையாகும். ஏழெட்டு வயது வரை பெரியவர் கை கொடுத்துத் துலக்கிவிட வேண்டும். ஆறு வயதளவில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலைப்பல். அது விழுந்து முளைக்காது. பெற்றோர் பலர் அதைப் பாற்பல் என்று எண்ணி விட்டுவிடுகின்றனர்.

கர்ப்பிணிகள்: "பிள்ளைக்கு ஒரு பல் போகும்" என்று சொல்வதுண்டு. வயிற்றுக் குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்குவதும், குமட்டலால் துலக்காமல் விடுவதும், வாந்தியின் அமிலமும்தான் காரணங்கள். மூன்றையும் கவனித்துக்கொண்டால் பல் போகவேண்டியதில்லை.

நீரிழிவு உள்ளோர்: சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

முதியோர்: சில மருந்துகளால் உமிழ்நீர் குறைந்து வாய் வறளும். அடிக்கடி தண்ணீர் அருந்துவது நல்லது. செயற்கைப் பல் தொகுதியை இரவில் கழற்றிக் கழுவி நீரில் இட்டுவைக்க வேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

- மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குறையும் என்பது தவறு. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.
- மருத்துவர் பற்காரையை நீக்கினால் பல் ஆடும் என்பது தவறு. எலும்பு முன்பே அரிக்கப்பட்டிருந்ததைக் காரை மறைத்திருந்தது; நீக்கியபின் தெரிகிறது.
- பாற்பல் எப்படியும் விழுவதுதானே என்பது தவறு. அது நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறது. முன்கூட்டியே போனால் பின்வரும் பல் கோணலாக முளைக்கும்.
- கிராம்புத் தைலம் சொத்தையைக் குணமாக்கும் என்பது தவறு. அது வலியைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும். வலி நின்றதும் மருத்துவரைத் தள்ளிப்போடுவதே அதனால் வரும் கேடு.

மருத்துவரை எப்போது அணுகுவது?

ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சிறு சொத்தையை அடைப்பதற்கு ஆகும் செலவும் நேரமும் வேர் சிகிச்சைக்கு ஆவதில் சிறு பகுதியே. அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவிலும் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். ஓரிரு வாரம் கவனமாகத் துலக்கியும் நிற்காத இரத்தக் கசிவு, கூச்சம், ஆடும் பல், தீராத வாய் நாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டாம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே செல்ல வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.